காராமணியும் மாமாவின் பேண்ட்டும்

என் அன்பான சமையலறை எஜமானிக்கு,

இங்கே நானும் நலம், உன் அப்பாவும் நலம், உன் அடுப்பும் நலம். இந்த மூன்றில் நீ எதை முதலில் விசாரிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் அடுப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீ மலைமேல் இருக்கிற தொழிலாளர் முகாமில் சமைக்க ஏறிப் போன முதல் வாரம் மாமனாரும் மருமகனும் தெருமுனைக் கடையில் பொட்டலம் வாங்கித்தான் சாப்பிட்டோம். பொட்டலத்தின் எண்ணெய் பேப்பரைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, ஒரு வாடிக்கைக்காரரின் வெள்ளைச் சட்டைத் துணியில் வட்டம் போட்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இத்தனை வருஷமாகத் துணியை அளந்து, வெட்டி, சேர்த்துத் தைக்கிறவனுக்கு ஒரு தக்காளியை வெட்டி வேகவைக்க வராதா என்ன?

சந்தையில் இப்போது எங்கே பார்த்தாலும் தக்காளி. வெயில்காலக் கடைசி அல்லவா, கூடை கூடையாகக் குவித்துவைத்து, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்கிறார்கள். நான் நன்றாகப் பழுத்து லேசாக நசுங்கினதாகக் கேட்டு வாங்கினேன். காய்கறிக்கார அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீட்டில் சமைக்க ஆள் இல்லையா என்றாள். நான்தான் ஆள் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் தராசே ஆடியது.

சிரிக்கட்டும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கினேன். என் நறுக்கலைப் பார்த்தால் நீ அசந்துபோவாய், கத்தரிக்கோல் பிடித்த கை. எண்ணெயில் வதக்கி, பூண்டைத் தட்டிப் போட்டு, தக்காளியைக் கையாலேயே பிசைந்து ஊற்றி, உப்பு போட்டு, அடுப்பைக் குறைத்தேன். ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடிக்கும்வரை மூடாமல் அப்படியே விட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் பாத்திரம் நிறைய இருந்தது பாதியாகக் கெட்டிப்பட்டு, எண்ணெய் ஓரமாகப் பிரிந்து, வாசலில் போகிறவர்கள் மூக்கைத் தூக்கிப் பார்க்கிறார்கள். சோற்றுக்கும் அதுதான், ரொட்டிக்கும் அதுதான். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். எப்போது போடுவது என்று கேட்க ஆளில்லாததால் அவ்வப்போது போட்டுவிட்டேன்.

அடுத்த நாள் கீரை. கட்டைப் பிரித்தால் சமையலறை மேடையே தெரியவில்லை. தெரு முழுக்கச் சாப்பிடலாம் என்று நினைத்தேன். வாணலியில் போட்டு ஒரு கிளறு கிளறினால் கைப்பிடி அளவுக்கு வந்து நிற்கிறது! அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சமையலும் தையலும் ஒன்றுதான். தண்ணீர் பட்டால் துணி சுருங்கும், சூடு பட்டால் காய் சுருங்கும். எங்கேயும் கொஞ்சம் கூடுதலாக உள்ளே விட்டுத்தான் வெட்ட வேண்டும். இவ்வளவு சின்ன விஷயத்தை நீ இத்தனை காலமாக ஏதோ பெரிய வித்தை மாதிரி மறைத்துவைத்திருந்தாயே.

மாமா கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறார். வயிறு மந்தமாக இருக்கிறதாம். புதுக் கை, புது ருசி, பழகிவிடும். தானியக் கிடங்கில் காலமெல்லாம் மூட்டை எடை போட்ட உடம்பு, அவ்வளவு சீக்கிரம் அசையாது. நீ சொன்னபடியே அவரிடம் வாய் திறக்கவில்லை. நீ சும்மா கொஞ்ச நாள் வேலைக்குப் போயிருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். குளிர்காலம் முழுக்க முகாமில் இருக்கிற இருநூறு பேருக்கும் நீயே பொறுப்பாக நின்று சமைத்துக் காட்டினால் தலைமைச் சமையல்காரி வேலை உனக்கே என்று மேனேஜர் சொன்னது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். இங்கே ஹாஸ்டல் சமையலறையில் யார் யாரோ கரண்டி பிடிக்க, நீ மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்ததெல்லாம் போதும்.

உன் முகாம் ஆபீசில் இருக்கிற அந்த ஒரே போனுக்காக வரிசையில் நிற்காதே. நின்று பேசினாலும் எனக்குக் காற்றுச் சத்தம்தான் கேட்கிறது. சாமான் லாரியில் கடிதம் கொடுத்துவிடு. ஓட்டுநர் பொறுமை நல்ல மனுஷன். பெயர்தான் பொறுமை, வாசலில் வந்து நின்றால் நாம் கதவைத் திறக்கும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டான்.

கையைச் சுட்டுக்கொள்ளாமல் வேலை செய்.

உன்
தையல்காரன்


அன்புள்ளவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலே வரி. அதில் மூன்று வரி என்னைத் திட்டி.

மாமா இளைத்துவிட்டார் என்று பொறுமை உன்னிடம் சொல்லியிருக்கிறான். கடிதம் கொண்டுபோகச் சொன்னால் கண்ணில் பட்டதையெல்லாம் ஏற்றிக்கொண்டு போகிறான். சொல்லிவிட்டான், இனி மறைக்க முடியாது. ஆமாம், இளைத்துத்தான் இருக்கிறார். எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் பேண்ட் நிற்க மாட்டேன் என்கிறது என்று என்னிடம்தான் கொண்டுவந்தார். இடுப்பை உள்ளே பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். மறுபடியும் கொண்டுவந்தார். மறுபடியும் பிடித்துக் கொடுத்தேன். அளவு நாடாவைச் சுற்றும்போது எனக்குக் கை கூசியது. டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கண்ணைப் பார்த்து, நாக்கைப் பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, நோய் ஒன்றும் இல்லை, சாப்பிடச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். அதைத்தானே நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

என் சமையலைக் குறை சொல்லாதே, சொல்லிவிட்டேன். இப்போது கை நன்றாகப் பழகிவிட்டது. பூசணிக்காய் வந்திருக்கிறது. தோலைச் சீவிப் பெரிய துண்டாகப் போட்டு, வெங்காயமும் இஞ்சியும் சேர்த்து வேகவைத்து, கரண்டியாலேயே மசித்து, மேலே கொஞ்சம் பால் விட்டு சூப் வைத்தேன். பல் இல்லாதவர்கூடச் சாப்பிடலாம். மாமாவுக்குப் பல்லெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனாலும் இரண்டு வாய் எடுத்தார், கிண்ணத்தைத் தள்ளினார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நன்றாக இல்லையா மாமா என்று கேட்டால், நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். நன்றாக இருப்பதைத் தள்ளிவைக்கிற மனுஷனுக்கு நான் எந்த அளவில் வெட்டுவது, சொல்.

அடுத்த நடையில் லாரி திரும்பும்போது முன் சீட்டு உனக்கு என்று பொறுமையிடம் சொல்லி வைத்திருக்கிறாயாம். எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். நீ இல்லாத வீட்டில் மெஷினை நிறுத்தினால் சத்தமே இல்லை. என் பேண்ட்கூட எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் அளவு எடுக்கிறவன் தன் இடுப்பைத் தானே சரியாக அளக்க முடியாது, நீதான் நாடாவைப் பிடிப்பாய், மூச்சை இழுக்காதே என்று திட்டிக்கொண்டே.

அப்புறம் யோசித்தேன். நடுக்குளிரில் நீ இறங்கி வந்தால் மறு நடையில் வேறு ஒருத்தர் ஏறிப் போவார், கரண்டி அவர் கைக்குப் போகும். நீ இங்கே வந்து அப்பாவுக்குச் சோறு போடுவாய், சிரிப்பாய், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாய். அந்தச் சொல்லாத வார்த்தையோடு நான் மிச்ச காலத்தை ஓட்ட வேண்டும். என்னால் முடியாதம்மா.

ஒரே ஒரு நடை பொறு. லாரி அடுத்து மேலே வரும்போது என் கடிதம் வரும். அதைப் படித்துவிட்டு ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய். அதற்குள் மாமாவைச் சாப்பிட வைக்கிறேன். வைக்காவிட்டால் வா, நான் தடுக்கவில்லை.

உன்
தையல்காரன்


என் அன்பிற்குரிய தலைமைச் சமையல்காரிக்கு,

விளிப்பைப் பார்த்து அவசரப்படாதே. முழுக்கப் படி. பெட்டியை இன்னும் கட்டவில்லை என்று நம்புகிறேன். கட்டியிருந்தால் அதன்மேல் உட்கார்ந்து படி.

இங்கே குளிர் இறங்கிவிட்டது. சந்தையில் பச்சைக் காய் குறைந்து, கேரட்டும் முட்டைக்கோசும் காய்ந்த பயறு வகைகளும்தான். இந்த வருஷத்துக் காராமணி வந்திருந்தது, தோல் பளபளவென்று, சட்டைக்குத் தைக்கலாம் போல. வாங்கினேன். எனக்குத்தான் கணக்கு தெரியுமே. இரண்டு பேர் சாப்பிட எவ்வளவு வேண்டும், வெந்தால் எவ்வளவு சுருங்கும், அதற்கு எவ்வளவு கூடுதல் விட வேண்டும் என்று தாராளமாகப் போட்டு, உன் பெரிய பாத்திரத்தில் முக்கால்வாசிக்கு நிரப்பி, தண்ணீர் ஊற்றி, தட்டைப் போட்டு மூடி, மேலே என் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். பூனை தொந்தரவு.

சிரிக்காதே. இன்னும் இருக்கிறது.

நான் ஊறப்போட்டதை மாமா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு வழக்கமான ஜன்னலை விட்டுவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கு ஒரே குஷி. பாவம், தனிமை விட்டுப்போய் நம்மோடு சேர வந்துவிட்டார் என்று நினைத்து மெஷினில் உட்கார்ந்து பாட்டுகூடப் பாடினேன். மனுஷன் வேடிக்கை பார்க்க முன்வரிசையில் இடம் பிடித்திருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு பள்ளிச் சட்டைக்குப் பட்டன் துளை போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே தடால் என்று ஒரு சத்தம். ஓடிப்போனால் இஸ்திரிப் பெட்டி தரையில், தட்டு சாய்ந்து தொங்குகிறது, காராமணி பாத்திரத்தின் வாயைத் தாண்டிக் கோபுரமாக நிற்கிறது. ஒவ்வொன்றாக மேடையில் உருண்டு டப் டப் என்று விழுகிறது. பதறிப்போய் இன்னொரு பாத்திரத்தில் கொட்டினேன், அது நிறைந்தது. வாளியை எடுத்தேன். அடுப்பில் ஏற்றினால் அங்கேயும் பொங்குகிறது. உலகத்தில் சுருங்காமல் உப்புகிற பொருள் ஒன்று இருக்கும் என்று எந்தத் தையல்காரனும் கனவில்கூட நினைத்திருக்க மாட்டான்.

உன் அப்பா சிரித்தார். நீ போன பிறகு முதல் தடவை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தார். கிடங்கில் ஒரு மூட்டையில் மழை பட்டால் பக்கத்து மூட்டைகளைத் தள்ளிவைத்துவிட்டு ஓடிவிடுவார்களாம், தைத்த வாயெல்லாம் தானாகப் பிரிந்துவிடுமாம். தையல்காரனிடம் சொல்கிற பேச்சா இது. தெரிந்திருந்தும் காலையிலிருந்து ஏன் சொல்லவில்லை என்றேன். நீங்கள் கேட்கவில்லையே மாப்பிள்ளை என்றார், மூட்டை மாதிரியே உட்கார்ந்துகொண்டு.

சிரித்த வேகத்தில் எழுந்து வந்து, வெந்துவிட்டதா பார்க்கலாம் என்று ஒன்றை எடுத்து வாயில் போட்டார். இன்னும் கொஞ்சம் வேக வேண்டும் என்றார். நான் வெங்காயமும் பூண்டும் கேரட்டும் முட்டைக்கோசும் வதக்கிச் சேர்த்தேன். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும் என்று காய்கறிக்கார அக்கா சொல்லியிருந்தாள், அப்படியே செய்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தார். அப்புறம் கிண்ணம் எடுத்தார். நான் அடுப்பைப் பார்த்த மாதிரி நின்றேன். கிண்ணத்தை வழித்து வைத்தார்.

வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது போல. முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் சாப்பிட்டேன்னு அவளுக்கு எழுதிடாதீங்க மாப்பிள்ளை. சாப்பிடறேன்னு தெரிஞ்சா அவ வர மாட்டா."

நான் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வயிறும் மந்தமில்லை, ருசியும் குறைவில்லை. தக்காளியையும் பூசணியையும் அவர் தள்ளிவைத்ததெல்லாம் உன்னை வரவைக்க. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பட்டினி கிடந்து மகளைக் கூப்பிடுகிறதா, இது என்ன சின்னப் பிள்ளை வேலை என்று கத்திவிட்டேன். பெரியவரிடம் அப்படிப் பேசியது தப்புதான். ஆனால் அவர் எதிர்த்துப் பேசவில்லை. அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார். நான் இல்லையா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. இவ்வளவு காலமாக ஒரே கூரையின் கீழ் நீதான் எங்களுக்கு நடுவில் பேச்சாக இருந்திருக்கிறாய் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதனால் நீ சொல்லக் கூடாது என்று சொன்னதைச் சொல்லிவிட்டேன். திட்டிக்கொள். அவள் கொஞ்ச நாள் வேலைக்குப் போகவில்லை, குளிர் முடியும்வரை இருக்க வேண்டும், இருந்தால் அந்த அடுப்பு முழுக்க அவளுடையது என்றேன். "சம்பளத்துக்காகப் போகலை மாமா. கரண்டி ஒரு தடவையாவது அவ கையில இருக்கணும்னு போயிருக்கா."

அவர் குனிந்தார். தரையில் கிடந்த காராமணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அத்தனை பேரும் அவள் சமைத்ததையா சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். யாராவது மிச்சம் வைக்கிறார்களா என்றார். பொறுமை சொன்னதைச் சொன்னேன், தட்டைக் கழுவவே வேண்டியதில்லையாம் என்று. தலையை ஆட்டிக்கொண்டே போய்ப் படுத்துவிட்டார்.

காராமணி தெரு முழுக்கப் போனது. எதிர்வீட்டில் கொடுத்தேன், சலவைக் கடையில் கொடுத்தேன், காய்கறிக்கார அக்காவுக்குத் தூக்குச்சட்டி நிறையக் கொண்டுபோனேன். இந்தத் தடவை தராசு ஆடவில்லை, கீழேயே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றி நான் மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் சாப்பிட்டார் என்று எழுத மாட்டேன் என்று. அதனால் எழுதவில்லை. இந்தக் கடிதத்தை எத்தனை தடவை திருப்பிப் படித்தாலும், அந்த ஒரு கிண்ணத்தைத் தவிர, அவர் சாப்பிட்டதாக ஒரு வரி உனக்குக் கிடைக்காது. அந்தக் கிண்ணம்கூட வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் நடந்தது.

நான் எழுதுவது என் தொழில் சமாசாரம். நேற்றுக் காலை கடை திறக்க உட்கார்ந்தேன். மெஷின்மேல் மடித்து வைத்த பேண்ட் ஒன்று. மாமாவுடையது. இது என்ன மாமா என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, இடுப்பு இறுக்கிப் பிடிக்கிறது என்றார். அவ்வளவுதான். நான் உன் அப்பாவின் பேண்ட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்தபோதும் உள்ளே இருந்த துணியை வெட்டவில்லை. மடித்து உள்ளேயே விட்டிருந்தேன். கடைசியாகப் போட்ட தையலைப் பிரித்தேன். மாட்டிப் பார்த்தார். பெல்ட்டைத் தேடவில்லை. முதலில் போட்ட தையலையும் கொஞ்ச நாளில் பிரிக்க வேண்டிவரும் என்று ஒரு தையல்காரனாகச் சொல்கிறேன். பிரித்த நூலை இந்தக் கடிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். நீலக் கலர். அவர் பேண்ட்டுக்கு எந்த நூல் போடுவேன் என்று உனக்குத் தெரியும்.

பொறுமை வந்துவிட்டான், ஹாரன் காதைக் கிழிக்கிறது. முன் சீட்டு மேலே வரும்போதே நிறைந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. மாமா சந்தைக்குத் தானே போய், கையால் தூக்கி எடை பார்த்து, உன் சமையலறைக்கு ஒரு மூட்டை காராமணி வாங்கி வந்து சீட்டில் உட்கார வைத்திருக்கிறார். பின்னால் போட்டால் ஈரம் படுமாம். உனக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று பேனாவை நீட்டினேன். வேண்டாம் என்றார். லாரி கிளம்பப் போகும்போது திரும்பி வந்து சொன்னார்: "ஊறப்போடறப்ப பெரிய பாத்திரமா எடுக்கச் சொல்லுங்க. இருநூறு பேருக்கு ஆக்கறவ இல்லையா."

மூட்டையை இறக்கிக்கொண்டு சீட்டைக் காலியாக அனுப்பு. லாரி வருகிற நாளில் அவர் வாசலில் போய் நிற்பார், எனக்குத் தெரியும். நானும் பக்கத்தில் நிற்பேன். அப்புறம் இரண்டு பேரும் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைப்போம். நீ நன்றாக இரு. உன் கைக்கு வந்த கரண்டி உன் கையிலேயே இருக்கட்டும்.

உன்
தையல்காரன்

பின்குறிப்பு: இந்தக் குளிருக்கு எனக்கும் ஒரு பேண்ட் தைக்க வேண்டும். நாடாவைப் பிடிக்க மாமா வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். பழசையே போட்டுக்கொள்கிறேன். குளிர் முடிந்ததும் நீயே வந்து அளவு எடு.